பதினோரு கைநாட்டு

பிப்ரவரி 3, திங்கள்

பனி. உடையார்பாளையம் தாண்டும்வரை வண்டி விளக்குப் போட்டே வந்தது.

முதலில் ஒரு மன்னிப்பு. எழுத்து கோணல். சில இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. நாற்பது வருஷம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கடப்பாரை பிடித்த கை. அந்த அழுத்தம் இன்னும் போகவில்லை. இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் வெள்ளையாக இருந்த பக்கத்தை இப்படி ஆக்கிவிட்டோமே என்று கூச்சம். அந்தப் பக்கத்திடம்தான் மன்னிப்பு.

போன வருஷ டைரி, உரக்கடையில் கொடுத்தது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு இந்த வருஷத்துக் கிழமையை எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் கலியபெருமாள் டைரி எழுதுகிறான்! ஆச்சரியக்குறி நானே போட்டது. எல்லாக் குறியிலும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஜெயந்தி சொன்னது: "தெனம் நாலு வரி எழுதுங்க பெரியப்பா. என்கிட்டகூட காட்ட வேணாம். பாட நோட்ட மட்டும் காட்டுங்க, அதுல நான் செவப்பு மை அடிக்கிறேன்."

எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். முப்பத்துநாலு வயது. கங்கைகொண்ட சோழபுரத்தில் வீடு. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்களும் வியாழனும் எங்கள் டிரஸ்ட் வண்டியில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் வருகிறாள். மொத்தம் ஒன்பது நோயாளிகள். ஓட்டுவது பஷீர், லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவுதியில் லாரி ஓட்டித் திரும்பியவர். நான் உதவியாள். ஏற்றுவது, இறக்குவது, வாந்தி வந்தால் பை நீட்டுவது.

இன்று வழியில் படித்தவை:
மெதுவாகச் செல்லவும்.
முந்திரிக்கொட்டை வாங்கப்படும்.
இங்கு சிறுநீர் கழிக்காதீர். (கீழே ஒருவர் நின்று கழித்துக்கொண்டிருந்தார். பாவம், படிக்கத் தெரியாதவராக இருக்கும்.)

சாயங்காலம் செய்தி நல்லதாக இல்லை. டிரஸ்ட் செயலாளர் சரோஜா அம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ரிட்டயர்டு நர்ஸ் அவர். தர்ம ஸ்தாபனம் என்று வருமான வரி ஆபீஸில் ஒரு பதிவு இருக்கிறதாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டுமாம். உண்மையிலேயே சேவை செய்கிறோமா என்று பார்க்க அடுத்த வாரம் புதன்கிழமை அதிகாரி வருகிறார்.

"பதிவு போச்சுன்னா குடுக்குறவங்க நிறுத்திடுவாங்க. அவங்க நிறுத்துனா வண்டி நின்னுடும்" என்றார்.

பஷீர்: "வண்டி நின்னா ஜெயந்தி புள்ள ரெண்டு பஸ்சு மாறணுமே."




பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில். அரியலூர் ஆபீஸ். ஆபீஸ் என்றால் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை.

பெரம்பலூர் ஆடிட்டர் எழுதிக்கொடுத்த பட்டியல்:
1. டிரஸ்ட் பத்திரம்
2. வண்டியின் ஆர்.சி.
3. நோயாளிகள் பெயர், ஊர், முதல் பயணம், கடைசிப் பயணம்
4. ஆஸ்பத்திரி அட்டை நகல்
5. பயணப் பதிவேடு, அசல், ஐந்து வருஷத்தது

பதிவேடு பன்னிரண்டு நோட்டு. நான் பெயர்களை வாசிக்க வேண்டும், சரோஜா அம்மா (பெயர் நீளம், இனி ச.அம்மா) கம்ப்யூட்டரில் அடிப்பார். நான் வாசிக்க ஒரு நர்ஸ் எழுதுகிறார்! தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒன்பது வரி. தேதியும் பெயர்களும் பஷீர் முதல் நாளே எழுதிவிடுவார். வண்டி கிளம்பியதும் பதிவேடும் மைப்பெட்டியும் கை மாறிக்கொண்டே போகும். கையெழுத்துத் தெரிந்தவர் கையெழுத்து. மற்றவர் கைநாட்டு. ஆணுக்கு இடது கட்டைவிரல், பெண்ணுக்கு வலது. வைத்துவிட்டுத் தலைமுடியில் துடைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நான் நூறு தடவை பார்த்தது. படித்தது இன்றுதான்.

ஐந்தாவது நோட்டில், நான்காவது வரியில்: தனபாக்கியம்.

என் வீட்டுக்காரி. அவளும் இதே வண்டியில் டயாலிசிஸ் போனவள், நான் துணைக்கு. அவள் பெயரை நான் எழுதிப் பழகியிருக்கிறேன். வேறொருவர் எழுதி வைத்துப் படித்ததில்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

"என்னங்க, கண்ணாடி வேணுமா?"

"இல்லம்மா. பேரு."

ச.அம்மா எட்டிப் பார்த்தார். எழுந்து போய் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு வந்தார். "மெதுவா படிங்க. ஒண்ணும் அவசரமில்ல."

பெயருக்குப் பக்கத்தில் அவள் கைநாட்டு. ரேகையே இல்லாத கறுப்பு வட்டம். மீன்சுருட்டிப் பக்கம் சின்ன வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவள். அந்தக் கொட்டைப் பால் தோலைத் தின்றுவிடும். ரேஷன் கடை மெஷின் ஒரு நாளும் அவள் விரலை ஏற்றதில்லை. கடைக்காரன் சலித்துக்கொள்வான். அவள் சொல்வாள்: "எனக்கு ரேகையே இல்ல தம்பி. சோசியக்காரனுக்கும் வேல இல்ல, போலீசுக்கும் வேல இல்ல."

நூற்று அறுபத்து நாலு வட்டம். எண்ணி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். தலையில் துடைக்க மாட்டாள். என் துண்டில்தான் துடைப்பாள்.

பிறகு ஒன்பதாவது நோட்டு. போன ஆவணிக்கு முந்தின ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவள் போனாள். அதற்குப் பின் நான்கு பக்கம் நான்காவது வரியில் பெயர் மட்டும், கைநாட்டு இல்லை. சரி. ஐந்தாவது பக்கத்தைத் திருப்பினேன். தனபாக்கியம் என்ற பெயருக்கு நேரே மறுபடி ஒரு கைநாட்டு.

ரேகை இருக்கிற கைநாட்டு. குறுக்கே ஒரு வெட்டு. கல் விழுந்து பிளந்த என் இடது கட்டைவிரல்.

மறந்துபோயிருந்தேன் என்று எழுத நினைத்தேன். பொய். மறக்கவில்லை. எழுத்தில் நிற்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். காரியம் முடிந்த மறு திங்கள் விடியற்காலையில் வழக்கமான இடத்தில் போய் நின்றேன். வீட்டில் இருக்க முடியவில்லை. பஷீர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். அவள் இருக்கையில் உட்கார்ந்தேன். பதிவேடு வந்தது. எழுத்துத் தெரியாது, ஆனால் நான்காவது வரி அவள் வரி என்று தெரியும். வெறுமையாக விட்டால் அடித்துவிடுவார்கள் என்று பயம். விரலை வைத்தேன். அடுத்த வியாழனும் வைத்தேன்.

மொத்தம் பதினொன்று. பிறகு ச.அம்மா என்னை உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார், அவள் இருக்கை வேறொருவருக்குப் போனது.

வாசிக்கும்போது அந்தப் பதினோரு பக்கத்திலும் மூன்றாவது வரியிலிருந்து நேரே ஐந்தாவதுக்குப் போனேன். ச.அம்மா கவனிக்கவில்லை. எழுத்துக் கற்று நான் செய்த முதல் திருட்டு.


பிப்ரவரி 5, புதன்

வெயில். முட்டியில் வலி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

இன்று நோயாளிகள் கொடுத்த மனுக்களை அடுக்கினேன். எல்லாம் தமிழில், நல்ல கையெழுத்து, கெட்ட கையெழுத்து. என்னுடையதைவிட மோசமானது இரண்டு இருந்தது. சந்தோஷம்.

அடுத்து ஜெயந்தியின் மனு. முத்து முத்தான எழுத்து. "பேருந்தில் சென்று திரும்பும்போது மயக்கம் வருகிறது. தங்கள் வண்டியில் ஓர் இடம் தந்து உதவும்படி." கீழே ச.அம்மா எழுதியிருந்தது: இடம் இல்லை, காத்திருக்கச் சொல்லப்பட்டது. தேதி போட்டிருந்தது. அதன் கீழே வேறு பேனாவில்: இடம் கொடுக்கப்பட்டது. அதற்கும் தேதி.

ஒன்பதாவது நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தேதிக்கும் நடுவில் ஒன்பது பயணம். ஒன்பதிலும் நான்காவது வரியில் என் விரல்.

ஜெயந்திக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. முன்பே கேட்டிருக்கிறேன். "ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல விழுந்தேன் பெரியப்பா. வண்டி கெடைக்கிறதுக்கு முந்தி" என்று சிரித்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாதவரை இதெல்லாம் அலமாரியில் சும்மா கிடந்தது.

ஒன்பதாவது நோட்டை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு, வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.


பிப்ரவரி 6, வியாழன்

லேசான பனி. வண்டி நாள்.

ஜெயந்தி பாட நோட்டைக் கேட்டாள். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பையில்தான் இருந்தது. "இப்புடி சாக்கு சொல்ற பயலுவ எத்தன பேர பாத்திருக்கேன், முட்டி போடுங்க" என்றாள். வண்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். புருவத்தைப் பார்க்க முடியவில்லை.

மெஷினில் அவர்கள் படுத்திருக்கும் நாலு மணி நேரம் நானும் பஷீரும் டீக்கடை. சொல்லிவிட்டேன்.

"தெரியும் பெரியவரே" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேரு எழுதுனது நாந்தானே. அவங்க மவுத்தானது தெரிஞ்சும் எழுதுனேன். மொதல்ல பழக்கத்துலதான் எழுதுனேன். நீங்க வந்து உக்காந்து, வெரல வெச்சத கண்ணாடியில பாத்தேன். அதுக்கப்புறம் அந்தப் பேர எழுதாம வுட எனக்கு மனசு வரல."

இரண்டு பேரும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் சொல்லாமல் பதினோரு தடவை சொல்லியிருக்கிறோம்.

ஆடிட்டர் ச.அம்மாவிடம் சொன்னதை பஷீர் கேட்டிருக்கிறார்: "எறந்தவங்க பேருல ஒரு கைநாட்டு இருந்தாலும் போச்சு. மத்த எல்லாமே பொய்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

 பிறகு அவர், "வண்டியில ஆயில் கேன் இருக்கு. பதிவேட்டு மேல கொட்டிடுச்சுன்னு சொன்னா?" என்றார்.

"ஒம்பதாம் நோட்டு மேல மட்டுமா?"

"ம். அதான் ஒதைக்குது." டீயைக் குடித்தார். "யா அல்லா, இந்த வயசுல நமக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியல."


பிப்ரவரி 7, வெள்ளி

காற்று. முந்திரி பூத்த வாசனை வீட்டுக்குள் வருகிறது.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டைப் பிரித்தேன். கிழித்துவிடலாம் என்று. பதினோரு பக்கம், ஆறு தாள். கத்தரிக்கோல்கூட எடுத்து வைத்தேன்.

தாளைப் பிடித்துப் பார்த்தால் என் வரிக்கு மேலே மூன்று, கீழே ஐந்து. ஜெயங்கொண்டம் மளிகைக்கடை அப்துல் சலாம் கையெழுத்து, கடையில் ரசீது போடுகிற மாதிரி ஒரே இழுப்பு. அவர் போன சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அவர் வந்தது உண்மை. வலியோடு ஏறி வந்து போட்ட கையெழுத்து. எட்டுப் பேருடைய உண்மையைக் கிழித்து என் பொய்யை மறைக்க வேண்டும்.

கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்தேன். இரண்டு மணி பஸ். அரியலூர்.

ச.அம்மா முன்னால் நோட்டை வைத்து எல்லாம் சொன்னேன். கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"செவ்வாக்கிழமை என் எதிர உக்காந்து வாசிச்சீங்களே. தாண்டித் தாண்டி வாசிச்சீங்களா?"

"ஆமாம்மா."

"நானு உங்கள நம்பி அடிச்சேன்."

"ஆமாம்மா."

"சும்மா ஆமாம்மா ஆமாம்மான்னா? ஒம்பது பேரு உசுருங்க இது!"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "என் தப்பும் இருக்கு. அந்த எடத்துல அவரு உக்காந்து வரட்டும்னு பஷீர்கிட்ட சொன்னவ நாந்தான். பதிவேட்ட ஒரு நாளாவது திருப்பிப் பாத்திருக்கணும்" என்றார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆடிட்டருக்குப் போன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மறைக்காதீங்க. அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி நாமளே குடுத்துடணும். பதினோரு வரியையும் ஒத்தக் கோட்டால அடிக்கணும், எழுத்து தெரியணும். அடிச்சவரு ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து போட்டு, இன்னைய தேதி போடணும். பெரியவரு கைப்பட வாக்குமூலம் எழுதட்டும்."

ச.அம்மா: "அவருக்கு இப்பத்தான் எழுத்து வருது சார். நான் டைப் பண்ணிடவா?"

"வேணாங்க. அவரே எழுதட்டும்."


பிப்ரவரி 9, ஞாயிறு

ஆபீஸ். சைக்கிள் கடை விடுமுறை, சத்தமில்லை.

ஸ்கேலும் நீலப் பேனாவும். பெயருக்கு நடுவில் ஒரு கோடு. கலியபெருமாள் என்று கையெழுத்து. தேதி. அடுத்த பக்கம்.

இவ்வளவு நாள் இந்தப் பெயரை எழுதிப் பழகியது அடிக்கிறதுக்கா என்று தோன்றியது. கோடு 'க்கி'யின் தலையில் போகாமல் பார்த்துக்கொண்டேன். எழுத்து தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களே. ஏழாவது பக்கத்தில் ஸ்கேல் நழுவியது. பதினொன்றும் முடிய ஒரு மணி நேரம்.

வாக்குமூலம் மூன்று மணி நேரம். நாலு தாள் வீண். ஐந்தாவது இது, நகல் இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"என் மனைவி தனபாக்கியம் இறந்த பிறகு பதினோரு தடவை அவள் பெயருக்கு நேரே நான் என் இடது கட்டைவிரலை வைத்தேன். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது அவள் வரி என்று தெரியும். யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. அதற்கு முன்னால் உள்ள நூற்று அறுபத்து நாலும் அவளே வைத்தது. மற்றவர்கள் வைத்ததெல்லாம் உண்மை. இதை நானே எழுதினேன்."

என் வாழ்க்கையில் அடுத்தவருக்காக நான் எழுதிய முதல் காகிதம். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கும் வெட்கம்.


பிப்ரவரி 10, திங்கள்

பனி இல்லை.

ஜெயந்தியிடம் சொன்னேன். போகும்போது சொல்லவில்லை, மெஷினுக்குப் போகிறவளிடம் எப்படிச் சொல்வது. திரும்பும்போது, அரியலூர் தாண்டி.

கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்த மாசமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்த மாசந்தான்."

கை தானாகப் புருவத்துக்குப் போனது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட நோட்டைக் கேட்கவில்லை. இறங்கும்போது நான் கை நீட்டினேன். அவள் பஷீரைக் கூப்பிட்டாள்.


பிப்ரவரி 12, புதன்

வெயில் அதிகம். சட்டை துவைத்துப் போட்டது. சவரம். எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். பெண். கண்ணாடி, கையில் ஒரு பை, கூட ஒரு உதவியாளர். டீ வேண்டாம் என்றார், தண்ணீர் மட்டும். ஆடிட்டர், ச.அம்மா, பஷீர், நான். பயன் பெறுகிறவர் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார்கள். ச.அம்மா ஜெயந்தியை வரச் சொல்லியிருந்தார். வந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பத்திரம், ஆர்.சி., பட்டியல் எல்லாம் பார்த்தார். பிறகு ஆடிட்டர் ஒன்பதாவது நோட்டையும் என் காகிதத்தையும் முன்னால் வைத்தார். அதிகாரி காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தாங்க."

"கையெழுத்து இவ்வளவு நல்லா போடுறீங்க. கைநாட்டு எதுக்கு?"

"அப்ப எழுத்து தெரியாதுங்க. அப்புறமாதான் இந்தப் புள்ள கத்துக்குடுத்துச்சு."

ஜெயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்தா போதாது. உங்க விரல்தானான்னு நான் பாக்கணும். மைப்பெட்டி இருக்கா?"

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி மை. இனி வைக்கவே மாட்டேன் என்று ஜெயந்தியிடம் சத்தியம் செய்திருந்தேன், முதல் கையெழுத்துப் போட்ட அன்று. அவள் முன்னால் வெள்ளைத் தாளில் விரலை அழுத்தினேன். குறுக்கே வெட்டு. அதிகாரி போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, பதினொன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். "சரி. இது உங்களோடதுதான்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் பக்கத்தைப் பின்னால் திருப்பினார். இன்னும் பின்னால். எட்டாவது நோட்டு, ஏழாவது நோட்டு.

"இதெல்லாம் யாரோடது?"

"என் வூட்டுக்காரிதுங்க."

"இதுல ரேகையே இல்லையே. பாட்டில் மூடிய மையில தொட்டு வெச்ச மாதிரி இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி. இத எப்படி நான் நம்புறது?"

பொய்யாக வைத்த பதினொன்றையும் நம்பிவிட்டார். அவள் வைத்த நூற்று அறுபத்து நாலை நம்பவில்லை.

முந்திரி என்றேன். பால் என்றேன். ரேஷன் மெஷின் என்றேன். வார்த்தை வரிசையாக வரவில்லை. ஆடிட்டர் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினார், தேதிகள் ஒத்துப்போகின்றன என்றார். அதிகாரி, "ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, சரி. இந்த வண்டியிலதான் வந்தாங்கன்னு இதுதானே சாட்சி?" என்றார். பட்டியலில் பேனா வைத்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

அப்போது நாற்காலி நகரும் சத்தம். ஜெயந்தி எழுந்து வந்தாள். மெதுவாகத்தான் நடப்பாள். மைப்பெட்டியை இழுத்தாள். வலது கட்டைவிரலை மையில் தொட்டு, என் கைநாட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கறுப்பு வட்டம். ரேகை இல்லை.

"டீச்சர் வேலைக்குப் போறதுக்கு முந்தி எட்டு வருஷம் கொட்ட ஒடச்சேன் மேடம். எங்க பக்கம் பொம்பளைங்க கை இப்புடித்தான். எங்கம்மா கையப் பாக்குறீங்களா? கூப்புடவா? தெருவுல எல்லாரையும் கூப்புடவா?"

அதிகாரி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே, ஊசி குத்திக் குத்தி வீங்கிய நரம்பையும் பார்த்திருப்பார்.

எழுதிக்கொண்டிருந்ததை அடித்தார். ஒற்றைக் கோடு. பக்கத்தில் சின்னக் கையெழுத்து.

"என் அறிக்கைய நான் எழுதி அனுப்புறேன். முடிவு மேலதான் பண்ணுவாங்க. நல்லபடியா எழுதுறேன்னு நான் வாக்கு குடுக்க முடியாது. பாத்தத எழுதுவேன்" என்றார். ஐந்திலிருந்து ஒன்பதுவரை நோட்டுகளை எடுத்துப் பையில் வைக்கச் சொன்னார். அசல் வேண்டுமாம்.

"திரும்ப வருமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"வேலை முடிஞ்சதும் வரும். எப்பன்னு சொல்ல முடியாது."

ரசீது எழுதித் தந்தார்கள். ச.அம்மா என்னைப் படிக்கச் சொன்னார். பதிவேடு ஐந்து, பக்க எண்ணிக்கை, தேதி. உரக்கப் படித்தேன். தப்பில்லாமல் படித்தேன். அதில் தனபாக்கியம் பெயர் இல்லை.

படியிறங்கி அந்தப் பை காரில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விரல் பட்டது என்று வீட்டில் வேறு எதுவும் இல்லை. மெஷின்தான் எடுக்கவில்லையே, ரேஷன் கடையிலும் இருக்காது. போட்டோ உண்டு. போட்டோ வேறு.

கட்டைவிரல் கறுப்பாகவே இருந்தது. ஜெயந்தி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் விரலும் அப்படியே. துண்டை நீட்டினேன். முதலில் வாங்கவில்லை. பிறகு ஒரு முனையில் துடைத்தாள்.

"உங்க மேல கோவம் போகல பெரியப்பா."

"போக வேணாம்."

"ஒம்பது தடவ. எண்ணிப் பாத்தேன்."

"நானும் எண்ணினேன்."

"பாட நோட்டு எங்க?"

"பையில."

"வியாழக்கிழமையும் பையிலதானே இருந்துச்சு? தெரியும்" என்றாள்.


பிப்ரவரி 13, வியாழன்

மேகம். மழை இல்லை. வண்டி நாள்.

புதுப் பதிவேடு. பஷீர் அட்டை போட்டுக் கொண்டு வந்திருந்தார். கடிதம் வரும்வரை வண்டி ஓடும், அதற்குப் பின் தெரியாது. இன்ஷா அல்லா என்றார் பஷீர். ஜெயங்கொண்டத்தில் ஒரு புதுப் பையன் அம்மாவோடு வந்து இடம் கேட்டான், இருபது வயதிருக்கும். இடம் இல்லை. ச.அம்மாவிடம் மனு கொடுக்கச் சொன்னேன். அவன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என் நோட்டிலிருந்து தாள் கிழித்து நானே எழுதிக்கொடுத்தேன். "ஓர் இடம் தந்து உதவும்படி."

துண்டைத் துவைக்கவில்லை. மை அவளுடையது இல்லை, ஜெயந்தியுடையது. இருந்தாலும்.

பாட நோட்டில் ஜெயந்தி இரண்டு பக்கம் திருத்தினாள். சிவப்பு பதினேழு இடத்தில். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தாள்: "பெரியம்மாவப் பத்தி ஒரு பக்கம். அவங்க பேசுறது, திட்டுறது, சாப்புடறது. பதிவேடு வராமயே போனாலும் போகட்டும். திங்கக்கிழமை கொண்டாங்க."

ஒரு பக்கத்துக்கு எனக்கு நாலு நாள் ஆகும். முதல் வரி மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன், ரேஷன் கடையில் அவள் சொன்னது. மீதியைத் திங்களுக்குள் எழுதிவிடுவேன், அடுத்த வாரம் இந்த நோட்டிலும் ஏற்றுவேன். பெயரை மட்டும் சுருக்க மாட்டேன். இப்போது பேனாவில் மை தீர்கிற மாதிரி இருக்கிறது, கடை சாத்துவதற்குள் போய்